வாசல் தெளித்ததும் ஒரு மாத்திரை

அரிமளத்திலிருந்து உள்ளே பிரிந்து போகிற ரோட்டில், தைலமரக் காடு முடிகிற இடத்தில் இருக்கிறது அமராவதியின் ஊர். அங்கே உள்ள தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு சமைப்பது அவள் வேலை. மகளிர் குழுவில் நாலைந்து பேர் அந்த வேலைக்குப் போட்டி போட்டார்கள். கடைசியில் இவள் கைப்பக்குவம் ஜெயித்தது. விடிந்தும் விடியாமலும் போய் அடுப்பைப் பற்ற வைப்பாள். பொங்கலோ கிச்சடியோ, மணி அடிப்பதற்கு முன்னால் சாம்பாரோடு தயாராக இருக்கும். “அமராவதிக்கா சாம்பாருக்காகவே லீவு போடாம வருதுங்க” என்று தலைமை ஆசிரியை ஷர்லி டீச்சர் சொல்லிச் சிரிப்பார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போடுகிற அந்த மகராசிக்குத் தன் வாயில் ஒரு கவளம் வைக்க முடியவில்லை என்பது யாருக்கும் தெரியாது.

பசியைத் தாங்கிக்கொண்டிருந்தாள் என்று நினைக்க வேண்டாம். பசி என்கிற ஒன்றே அவளை விட்டு எழுந்து போயிருந்தது. தட்டில் போட்டுக்கொண்டு உட்காருவாள். இட்லியைப் பிய்த்து வாயில் வைத்தால், உள்ளே இறங்காமல் அங்கேயே நிற்கும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தட்டைக் கொண்டுபோய்க் கோழிகளுக்குக் கொட்டிவிட்டு, கழுவிக் கவிழ்த்து வைப்பாள். கோழிகள் நன்றாகக் கொழுத்தன. அவளுடைய ரவிக்கைகளெல்லாம் தொளதொளத்துப் போயின.

இந்த வியாதிக்குக் காரணம் கேட்கிறவர்களைப் போல எரிச்சல் மூட்டுகிறவர்கள் கிடையாது. காய்ச்சல் வந்தவனிடம் யாரும் உனக்கு என்ன குறை, ஏன் காய்ச்சல் வந்தது என்று கேட்பதில்லை. அமராவதியை எல்லாரும் கேட்டார்கள். புருஷன் ராசு தைலமரக் கட்டை ஏற்றும் லாரி ஓட்டுகிறான், குடிப்பதில்லை. ஒரே மகன் அரவிந்த்குமார் திருப்பூரில் நல்ல வேலையில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பேசுகிறான். “ஒனக்கு என்ன கொறை?” என்று கூடப்பிறந்த அக்காவே வந்து கேட்டுவிட்டுப் போனாள். குறை எதுவும் அகப்படவில்லை. அதனால் அவள் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டாள். ஒரு குறையும் இல்லாமல் சாகத் தோன்றுகிறதே, நான் என்ன ஜென்மம் என்று நினைத்து நினைத்து அழுதாள். பிறகு அழுகையும் வராமல் போயிற்று. அதுதான் இன்னும் மோசம்.

காட்டுக்குள் கல் வெட்டி எடுத்துவிட்டுப் போன ஆழமான குழி ஒன்று உண்டு. சித்திரை மாதத்து மத்தியானம் ஒன்றில் அமராவதி அதன் விளிம்பில் போய் உட்கார்ந்திருந்தாள். எதற்காகப் போனாள் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் தேவையில்லை. ஆடு மேய்த்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்த எதிர்வீட்டு ராக்காயி பார்த்துவிட்டாள். ராக்காயிக்கு வாய் நீளம். ஊரில் யார் வீட்டு விஷயத்தையும் சும்மா விட்டு வைக்க மாட்டாள். அன்றைக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. “எந்திரி ஆத்தா. ஆடு தண்ணிக்கு அலையுது, போவோம்” என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து, ராசுவிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ராசு முதலில் கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டினான். அதன் பிறகு புதுக்கோட்டைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். அங்கே ஒரு டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். இது மனச்சோர்வு, வியாதிதான், மாத்திரையில் சரியாகும், ஆனால் ஒரு நாள்கூட விடக் கூடாது, பலன் தெரிய மூன்று நாலு வாரம் ஆகும் என்றார். காலையில் ஒரு மாத்திரை. ஊரில் யார் கேட்டாலும் பிரஷர் மாத்திரை என்று சொல்லிக்கொள்வோம் என்று பஸ்ஸிலேயே இருவரும் பேசி முடிவு செய்தார்கள். பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள் மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறாள் என்று தெரிந்தால் ஊர் சும்மா இருக்குமா?

மறுநாள் காலையில்தான் ஒரு தப்பு ஆரம்பித்தது. மாத்திரை என்றால் சாப்பாட்டுக்குப் பிறகுதான் என்பது அமராவதிக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். வெறும் வயிற்றில் போட்டால் குடல் வெந்துவிடும். அவளுடைய அம்மா சொன்னது, அக்கம்பக்கத்தில் சொன்னது, நம் எல்லாருடைய வீட்டிலும் சொல்வது. அவள் டாக்டரிடம் கேட்கவும் இல்லை. சோற்றை எப்படிச் சாப்பிடுவது என்று யாராவது கேட்பார்களா? ஆகவே என்றைக்கு நாலு வாய் இறங்கியதோ அன்றைக்கு மாத்திரை போட்டாள். இறங்காத நாளில் போடவில்லை. இறங்காத நாட்கள்தான் அதிகம்.

“மாத்திரை போட்டியா?” என்று ராசு தினமும் கேட்பான். லோடு ஏற்றுகிற இடத்திலிருந்து போனிலும் கேட்பான்.

“போட்டுட்டேங்க.”

போடவில்லை என்று சொன்னால், ஏன் என்று கேட்பான். சாப்பிடவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். சாப்பிடவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்ட ஆரம்பித்துவிடுவான். ஒருமுறை அப்படி ஊட்டி, அவள் வாந்தி எடுத்து, அவன் கிணற்றடியில் போய் நின்று அழுததை அவள் பார்த்திருக்கிறாள். அதைவிடப் பொய் லேசாக இருந்தது. போடாத மாத்திரைகளை அட்டையோடு அரிசிப் பானைக்குப் பின்னால் சேர்த்து வைத்தாள்.

அடுத்த முறை போனபோது டாக்டர், “தெனமும் போடுறீங்களா?” என்று கேட்டார். பக்கத்தில் ராசு இருந்தான். “போடுறேன்” என்றாள். தினமும் போட்டும் கேட்கவில்லை என்றால் டாக்டர் என்ன செய்வார்? அளவைக் கூட்டிக் கொடுத்தார். இப்போது கூட்டிய அளவில் ஒரு நாள் போட்டாள், மூன்று நாள் விட்டாள், மறுபடி ஒரு நாள் போட்டாள். தலைக்குள் புதிதாக ஒன்று வந்தது. திரும்பிப் பார்த்தால் மண்டைக்குள் கரண்ட் வயர் உரசுவது போலச் சுரீரென்று ஓடி, கண் இருட்டிக்கொண்டு வரும். மாத்திரையும் நம்மைக் கைவிட்டுவிட்டது என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். கோயில் கைவிட்டது, கயிறு கைவிட்டது, இதுவும் கைவிட்டது. இனி என்ன மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் பார்த்தால், அந்தக் கல்குழி ஒன்றுதான் இருந்தது.

புரட்டாசியில் ஒரு காலை. பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாகத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அமராவதி சாம்பார்ச் சட்டியைத் துணி பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். முன்வரிசையில் ஒரு குழந்தை “சாம்பார் ஆயா” என்று கூப்பிட, அதைத் திரும்பிப் பார்த்தாள். வயர் உரசியது. முழங்கால் மடிந்தது. கொதிக்கக் கொதிக்க இருந்த சாம்பார் அவள் வலது பாதத்தில் கொட்டி, சிமெண்டுத் தரையில் ஓடி, பிள்ளைகளின் தட்டுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஷர்லி டீச்சர் ஓடி வந்து அவளைத் தூக்கி உட்கார வைத்து, காலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்.

“சாப்பிட்டீங்களாக்கா?”

“இல்ல டீச்சர்.”

“பிரஷர் மாத்திரையாவது போட்டீங்களா?”

வலியா, களைப்பா, பொய் சொல்லிச் சொல்லி வந்த அலுப்பா, தெரியவில்லை. “அது பிரஷர் மாத்திரை இல்ல டீச்சர். மனசுக்குப் போடுறது” என்று சொல்லிவிட்டாள்.

ஷர்லி டீச்சர் நல்லவர். கெட்டவராக இருந்திருந்தால் அமராவதிக்குத் திட்டுவதற்காவது ஓர் ஆள் கிடைத்திருக்கும். டீச்சர் திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தார். அந்தப் பார்வை அமராவதிக்குப் போதுமாக இருந்தது.

“கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கக்கா. சுகுணாவைப் பாத்துக்கச் சொல்றேன். நல்லானதும் வாங்க” என்றார்.

நல்லானதும். அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு நொண்டி நொண்டி வீட்டுக்கு வந்தாள். சுகுணா அவள் குழுக்காரிதான், வேலை தெரிந்தவள்தான். நான் இல்லாமலே எல்லாம் நடக்கும் என்று ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அது நிரூபணமாகிவிட்டது. சேதி தெரிந்து ராசு பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தபோது, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவன் காலைப் பார்த்தான். மருந்து தடவினான். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டான்.

“மாத்திரை போட்டியா?”

“சாப்பிடலையே, எப்படிப் போடுறது?”

யோசிக்காமல் வந்துவிட்டது. ராசு மருந்தைக் கீழே வைத்தான்.

“அப்ப சாப்பிடாத நாளெல்லாம்?”

அவள் எழுந்து நொண்டிப் போய், பானைக்குப் பின்னாலிருந்து அட்டைகளை எடுத்து வந்து அவன் மடியில் போட்டாள். ராசு கோபக்காரன். டோல்கேட்டில் சண்டை போடுகிறவன். அடிக்கத்தான் போகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் அந்த அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, “என்னைய ஏமாத்துனதுகூடப் பரவாயில்லடி. நீ பத்திரமா இருக்கேன்னு நெனச்சுல்ல நான் வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தேன்” என்றான்.

மறுநாள் பஸ் ஏறினார்கள். இந்த முறை டாக்டரிடம் எல்லாவற்றையும் ராசுவே சொன்னான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“சாப்பிடாட்டியும் இந்த மாத்திரையப் போடலாம்மா. வயித்தப் பொரட்டுனா ஒரு பிஸ்கட்டு, ஒரு வாய் கஞ்சி. அதுவும் முடியலையா, வெறும் தண்ணியில போடுங்க. ஒண்ணும் ஆகாது.”

அமராவதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதம், இத்தனை பொய், வெந்துபோன கால், போன வேலை, எல்லாம் இதற்காகவா? அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து ராசு பயந்துபோனான்.

“பசி எடுக்காததே இந்த வியாதியாலதான். பசி வந்தப்புறம் மாத்திரைன்னு காத்திருந்தீங்கன்னா ரெண்டுமே வராது” என்றார் டாக்டர். தலைக்குள் வயர் உரசுவதும் விட்டு விட்டுப் போடுவதால்தான் என்றார். அளவைக் குறைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

“முதல்லேருந்துன்னா, திரும்பவும் நாலு வாரமாங்க?”

“ஆகும்மா.”

“அது வரைக்கும் நான் என்ன செய்ய?”

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். “ரொம்ப முடியலைன்னா, சாகணும்னு தோணுச்சுன்னா, அன்னைக்கே கெளம்பி இங்க வந்துடணும். இவர்கிட்ட சொல்லணும். இவர் இல்லைன்னா பக்கத்துல யார்கிட்டயாவது வாயத் தெறந்து சொல்லணும். மத்த நாள்ல மாத்திரை, அவ்வளவுதான். சரி, இத சொல்லுங்க. எவ்வளவு மோசமான நாளா இருந்தாலும் நீங்க செய்யாம விடாத வேலைன்னு ஏதாவது இருக்கா? குளிக்கிறது, டீ போடுறது?”

குளிக்காமல் கிடந்திருக்கிறாள். டீயும் போடாமல் இருந்திருக்கிறாள். யோசித்துப் பார்த்துவிட்டு, “வாசல் தெளிப்பேன்” என்றாள்.

அது உண்மை. கல்குழிக்குப் போன அன்றைக்குக்கூடக் காலையில் வாசல் தெளித்துவிட்டுத்தான் போனாள். எழவு விழுந்த வீட்டு வாசல்தான் தெளிக்காமல் கிடக்கும். விடிந்து வாசல் காய்ந்து கிடந்தால் தெருவே வந்து எட்டிப் பார்த்து, என்ன ஏது என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பயந்தே அவள் ஒரு நாளும் விட்டதில்லை.

“அப்ப தெளிச்சதும் மாத்திரை. சாப்பாட்ட மறந்துடுங்க” என்றார் டாக்டர்.

அப்படித்தான் தொடங்கியது. மாத்திரை அட்டை அடுப்படியிலிருந்து வெளிவாசல் மாடத்துக்கு, கோலமாவு டப்பாவுக்குப் பக்கத்தில் குடிவந்தது. கூடவே ஒரு சொம்புத் தண்ணீர். முதல் நாள் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு, குடல் எப்போது வேகும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேகவில்லை. ஓங்கரித்தது, அவ்வளவுதான். வாளி, தெளிப்பு, மாத்திரை, கோலம். இதில் அவள் விருப்பத்தைக் கேட்க இடமே வைக்கவில்லை. இன்றைக்கு உயிரோடு இருக்க வேண்டுமா என்று மனசு கேட்க ஆரம்பிப்பதற்குள் மாத்திரை உள்ளே போயிருக்கும். மனசு அதன் பிறகு கேட்டது. நாள் முழுக்கக் கேட்டது. தேறுகிற அறிகுறி எதுவும் இல்லை. பள்ளிக்கூட மணிச் சத்தம் வரும்போது தலையணையால் காதை மூடிக்கொண்டாள். தெருவில், அது பிரஷர் மாத்திரை இல்லையாமே என்று பேசிக்கொண்டார்கள். அதுவும் அவள் காதுக்கு வந்தது. இருந்தாலும் வாசல் ஈரமாவது நிற்கவில்லை.

அப்புறம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

இதை டாக்டரும் யோசிக்கவில்லை, ராசுவும் யோசிக்கவில்லை. மழை பெய்கிற காலையில் யாரும் வாசல் தெளிக்க மாட்டார்கள். மழையே தெளித்துவிட்டுப் போகிறது. முதல் நாள் அமராவதி எழுந்து எட்டிப் பார்த்தாள். வாசலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. திரும்ப வந்து படுத்தாள். அன்றைக்கு மாத்திரை போகவில்லை. மறுநாளும் மழை, அதற்கு மறுநாளும் மழை. ராசு கட்டை லோடோடு போன இடத்தில், வழியில் பாலம் முங்கி, வண்டியோடு நின்றுவிட்டான். இவள் போனில் சார்ஜ் இல்லை. ஊரில் கரண்டும் இல்லை.

தெளிக்காவிட்டால் என்ன, மாத்திரையை மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கலாம். கேட்கிறவர்களுக்கு அந்த வியாதி வந்ததில்லை. கட்டிலிலிருந்து மாடத்துக்குப் பத்தடி இருக்கும். அந்தப் பத்தடிக்கு ஒரு காரணம் வேண்டும். வாசல் தெளிப்பது காரணமாக இருந்தது. அது போனதும் கை எழவில்லை.

மழைச் சத்தத்தில் படுத்துக்கொண்டு அவள் கல்குழியை நினைத்தாள். இந்நேரம் நிரம்பியிருக்கும். இந்த மழையில் ஆடு மேய்க்கவும் யாரும் போக மாட்டார்கள். அப்படி நினைத்தபோது அவளுக்குப் பயம் வரவில்லை, நிம்மதியாக இருந்தது. எழுந்து உட்கார்ந்து, சேலையைச் சரியாகக் கட்டிக்கொண்டாள். கதவைப் பார்க்கத் திரும்பியபோது மண்டைக்குள் சுரீரென்று வயர் உரசியது.

அந்த உரசலை அவளுக்குத் தெரியும். மாத்திரையை விட்டால் வருவது அது. அப்படியானால் அந்தக் குழியும், அந்த நிம்மதியும்? அதுவும் விட்டதால் வருவதாக இருக்குமோ? அவளுக்கு அதில் முழு நம்பிக்கை வரவில்லை. பாதிதான் வந்தது. கதவைத் திறந்தாள். வலது பக்கம் காட்டுக்குப் போகிற பாதை. இடது பக்கம், தாழ்வாரத்துக் கீழே வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். முழங்கால் வரை சேறு தெறிக்க, ஓடுகிற தண்ணீரின் மேல், கையால் அள்ளி அள்ளி வாசல் தெளித்தாள். ஒரு மூலை விடாமல் தெளித்தாள். அழுதுகொண்டே தெளித்தாள்.

எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் ஆட்டைக் கட்டிக்கொண்டிருந்த ராக்காயி நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏத்தா அமராவதி, பைத்தியமா ஒனக்கு? கொட்டுற மழையில யாராச்சும் வாசத் தெளிப்பாங்களா?”

“மாத்திரை போடணும் மதினி. தெளிச்சாத்தான் போட முடியுது.”

“என்ன மாத்திரை?”

மழைச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. தெருவில் இன்னும் இரண்டு வாசலில் ஆட்கள் நின்றார்கள்.

“சாகாம இருக்கக் குடுத்த மாத்திரை. மூணு நாளாப் போடல. ரொம்ப முடியல மதினி, என்னைய விட்டுட்டு எங்கயும் போயிராதீங்க.”

ராக்காயி ஆட்டுக் கயிற்றை அப்படியே போட்டுவிட்டு, தலையில்கூட ஒன்றும் போட்டுக்கொள்ளாமல் தெருவைக் கடந்து வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

“தண்ணி இருக்கா?”

“இருக்கு.”

“முழுங்கு. நான் இங்கிட்டுத்தான் நிக்கிறேன்.”

அமராவதி மாடத்திலிருந்து மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, சொம்புத் தண்ணீரைக் குடித்தாள்.